வேலம்பாளையத்தில் இறங்கிய மலைக்கிழங்கு

இன்று காலை எங்கள் தெருவுக்கு ஒரு கிழங்கு வண்டி வந்தது. பதிவு செய்த குரல் ஒலிபெருக்கியில், "ஊட்டிக் கெழங்கு, ஊட்டிக் கெழங்கு" என்று மூச்சுவிடாமல் கத்திக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். ஒரு கிழங்கை எடுத்துக் கட்டைவிரலால் தோலைத் தேய்த்தேன். மூக்கருகே கொண்டுபோனேன். விரலில் சிவப்பாக மண் ஒட்டியது, ஆனால் வாசனை இல்லை. மழை விட்டதும் உங்கள் சரிவில் ஒரு வாசனை எழுமே, மக்கிய இலையும் விறகுப் புகையும் சேர்ந்த மாதிரி, அது துளிகூட இல்லை. எந்த ஊர்க் கிழங்கையோ செம்மண்ணில் புரட்டி எடுத்து வந்திருக்கிறார்கள்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏனுங்கக்கா சிரிக்கறீங்க?" என்றார் வண்டிக்காரர்.

"ஒண்ணுமில்லீங்க தம்பி. ஒருத்தி ஞாபகம் வந்துருச்சுங்க."

நீ இருந்திருந்தால் அவரை அவ்வளவு சுலபமாக விட்டிருக்க மாட்டாய். அந்தத் தெருவிலேயே நிறுத்தி வைத்து, கிழங்கின் ஊர், பேர், தாய், தகப்பன் எல்லாவற்றையும் விசாரித்திருப்பாய். வீட்டுக்குள் வந்த பிறகும் மனசு பரபரவென்று இருந்தது. உன்னிடம் பேசித்தான் ஆகவேண்டும். அதனால் எழுதுகிறேன்.

திருப்பூர் வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனியில் நீ ஓவர்லாக் டெய்லர், நான் செக்கிங். உன் மிஷினில் இருந்து வருவது என் மேஜையில் விழும். மிஷினை விட வேகமாக ஓடியது உன் வாய். கோத்தகிரிக்கு மேலே உங்கள் சரிவு, அங்கே மேயும் காட்டெருமை, பனியில் வேகாத சோறு, தனியாகக் கிழங்குக்காட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா என்று நாள் பூராவும் சொல்லிக்கொண்டே தைப்பாய். சூப்பர்வைசர் வந்தால் மட்டும் உதட்டை மூடிக்கொள்வாய். அப்போதும் கண் பேசும்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் மதியம் டிபன் பாக்ஸைத் திறக்காமல், கையில் போனை வைத்துக்கொண்டு பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தாய். மின்வெட்டு நம்மை ஆட்டிப் படைத்த வருஷம் அது. ஜெனரேட்டர் ஓட்டினால் கட்டுப்படியாகாது என்று நம்முடையதைப் போன்ற சின்னக் கம்பெனிகளுக்குச் சனிக்கிழமைகூட லீவு விட்டிருந்தார்கள்.

"என்ன கண்ணு, ஒடம்புக்கு முடியலையா?" என்றேன்.

"இந்த வெள்ளாமையோட காட்ட விட்டுர்றேன்னு அம்மா சொல்லுதுக்கா."

"விட்டா விடட்டும். தனியாக் கெடந்து எதுக்குச் சிரமப்படோணும்? உன்ற கூடவே வந்து இருக்கட்டும்."

நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். "உங்களுக்குத் தெரியாதுக்கா. ஒரு வருசம் கொத்தாமப் போட்டா அது எங்க காடே இல்ல."

அப்புறம்தான் முழுக்கதையும் சொன்னாய். இலங்கையிலிருந்து திரும்பி வந்த உன் தாத்தா, முள்ளையும் கல்லையும் பொறுக்கி உண்டாக்கிய துண்டு நிலம் அது. பட்டா கிடையாது. பயிர் நிற்கும்வரைதான் உங்களுடையது. சும்மா கிடந்தால் யாராவது வேலி போட்டுவிடுவார்கள். பட்டா இல்லாதவர்களுக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் விதை கிடைக்காது. மேட்டுப்பாளையத்து மண்டிக்காரர் ஒருவர்தான் விதைக்கிழங்கைக் கடனாகக் கொடுப்பார். கொடுத்தால் அவர் மண்டியில்தான் இறக்க வேண்டும். அவர் சொல்வதுதான் விலை. அதிலும் பெரிய கிழங்கை மட்டும் எடைபோட்டுவிட்டு, சின்னதையெல்லாம் காலால் ஒதுக்கி, "இதெல்லாம் கழிவும்மா" என்பார். கொத்துவதற்கு ஆள் தேடினால், தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுப் பிள்ளைகளில் பாதிப்பேர் திருப்பூரில் மிஷின் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கேட்கக் கேட்க எனக்கு என் கதை மாதிரியே இருந்தது. என் ஊரான குண்டடத்தில் எங்கள் காட்டிலும் வெங்காயம் பிடுங்க ஆள் கிடைக்காது. விடிந்ததும் கம்பெனி வேன் வந்து ஊரையே அள்ளிக்கொண்டு போய்விடும். ஆள் தேடி ஆள் தேடி அலுத்து, கடைசியில் நாங்களே அந்த வேனில் ஏறிவிட்டோம்.

நான் பெருமூச்சு விட்டேன். நீ விடவில்லை. என் மேஜையில் சைஸ் சைஸாக அடுக்கியிருந்த பனியன்களையே பார்த்துக்கொண்டிருந்தாய். சட்டென்று ஒன்றை உருவினாய்.

"அக்கா, இது என்ன சைஸு?"

"ஸ்மாலு."

"கழிவா?"

"கழிவு எப்படியாகும்? சின்ன ஆளு போடுவாங்க."

நீ துள்ளி எழுந்தாய். டிபன் பாக்ஸ் உருண்டு கீழே விழுந்தது. "அப்ப சின்னக் கெழங்கு மட்டும் எப்படிக்கா கழிவாகும்? அதும் ஸ்மால் சைஸுதானே! பெருச மண்டிக்கே குடுப்போம், சொன்ன சொல்லு சொன்னதுதான். அவரு வேண்டாம்னு ஒதுக்கறத நாம இங்க கொண்டாந்து விப்போம். இந்தக் காலனியில மட்டும் எத்தன அடுப்பு எரியுது!"

அந்த நிமிஷம் என் உடம்பெல்லாம் சிலிர்த்தது இப்போதும் நினைவிருக்கிறது. ஏனென்று தெரியாமல் நானும் எழுந்து நின்றுவிட்டேன்.

என் வீட்டுக்காரர் அப்போதுதான் புதிதாக ஒரு குட்டி யானை வாங்கியிருந்தார். கம்பெனிக்கும் சாயப்பட்டறைக்கும் நடுவே துணி ஏற்றுகிற சின்ன லோடு வண்டிக்கு ஊரே வைத்த பேர் அது. சாயங்காலம் நீயே எங்கள் வீட்டுக்கு வந்து அவரிடம் கேட்டாய். அவர் தலையைச் சொறிந்தார்.

"குட்டி யானைன்னு பேரு வெச்சா மட்டும் மலை ஏறிருமாங்க? கொண்டை ஊசி வளைவெல்லாம் இருக்குதே."

"யானைக்கு மலைதாங்கண்ணா சொந்த ஊரு!" என்றாய்.

அவர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்?

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏற ஏற வண்டி முனகியது. ஒவ்வொரு வளைவிலும் நீ, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று வண்டியைத் தட்டிக் கொடுத்தாய். எனக்குக் காது அடைத்தது, ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை. கல்யாணமான பிறகு நான் மலை ஏறியதே அன்றைக்குத்தான்.

உன் அம்மா காட்டுக்குள் களைக்கொத்தோடு நின்றிருந்தார். தலையில் முக்காடாகச் சாக்கு. நாம் எதற்கு வந்திருக்கிறோம் என்று தெரிந்ததும் அவர் முகம் வாடியது.

"வேணாம் புள்ள. மண்டிக்காரரு கோவிச்சுக்குவாரு."

"அவரு காலால தள்ளறதத்தாம்மா எடுக்கறோம்."

"அத யாரு தாயி வாங்குவா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். "வாங்குவாங்க சாமி, நீங்க வேணாப் பாருங்க" என்று துணிச்சலாகச் சொல்லிவிட்டேன்.

வண்டியை ஓரங்கட்டிவிட்டு என் வீட்டுக்காரரும் ஒரு கொத்தை வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு கொத்துக்கும் மண்ணுக்குள்ளிருந்து கிழங்கு குபுக்கென்று வெளியே வந்து விழுவதைப் பார்க்கும்போது குழந்தை மாதிரி கத்தத் தோன்றியது. நீ கத்தவே செய்தாய். கிழங்கைக் குவித்துவைத்து, "லார்ஜு, எக்ஸெல்லு மண்டிக்கு! மீடியத்துல பாதி மண்டிக்கு! ஸ்மாலெல்லாம் திருப்பூருக்கு!" என்று பிரித்தாய். உன் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் நீ சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார். கொஞ்ச நேரத்தில், "இந்தா, இது ஒங்க எக்ஸெல்லு" என்று ஒரு பெரிய கிழங்கை என் மடியில் போட்டார்.

மறுநாள் ஞாயிறு. காலனி முக்கில், வேப்பமரத்தடியில் குட்டி யானையை நிறுத்தினோம். வாரச் சம்பளம் கையில் இருந்ததால் தெருவெல்லாம் சனம். ஆனால் நம் வண்டியருகே யாரும் வரவில்லை. வந்தவர்களும் கிழங்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். நம் கம்பெனியிலேயே பேக்கிங்கில் இருந்த அன்னமேரி அக்கா, திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

"செம்மண்ணுல பெரட்டிக் கொண்டாந்து ஊட்டிக் கெழங்குன்னு விக்கியளோ? போன வாரமும் ஒருத்தன் இப்படித்தான் ஏமாத்திட்டுப் போனான்."

கூட்டத்தில் சிரிப்பு. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். உன் அம்மாவிடம் நான் சொன்ன வார்த்தை நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அன்று அந்தக் கிழங்கு போகாவிட்டால் அவர் கொத்தைக் கீழே போட்டுவிடுவார். காடு போய்விடும்.

நீ மட்டும் கோபப்படவில்லை. "நம்பாதீங்கக்கா! யாரும் நம்பாதீங்க! தின்னு பாத்துட்டு அப்புறமா நம்புங்க!" என்று கத்திவிட்டு உன் அறைக்கு ஓடினாய். ஸ்டவ்வையும் பெரிய குண்டாவையும் தூக்கிக்கொண்டு வந்தாய். தெருவிலேயே பற்றவைத்து, கிழங்கைக் கழுவி, உப்புப் போட்டு வேகவைத்தாய். வேகும்வரை சும்மா இருந்தாயா? பாட்டிமார் கதை சொல்கிற மாதிரி, காட்டெருமை ஒருநாள் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டிய கதையைச் சொன்னாய். கிழங்கு வாங்க வராதவர்களெல்லாம் கதை கேட்கக் கூடிவிட்டார்கள்.

மூடியைத் திறந்தாய். ஆவியோடு அந்த மண்வாசனை கிளம்பியது. கிழங்கு தோல் வெடித்து மாவு மாவாக மலர்ந்திருந்தது. ஒன்றை அன்னமேரி அக்காவின் கையில் வைத்தாய். அவள் ஊதி ஊதித் தின்றாள். எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வெண்ணெயா கரையுது" என்றாள். "ஒரு ரெண்டு கிலோ போடு."

அவ்வளவுதான்! ஆள் மேல் ஆள். அந்தச் சமயத்தில்தான் அயர்னிங் செக்‌ஷன் சஞ்சய், பீகாரிலிருந்து வந்திருந்தானே, அவன் தன் அறைத் தோழர்களோடு அந்தப் பக்கம் வந்தான். வேகவைத்த கிழங்கு ஒன்றை வாயில் போட்டான். கண்ணை மூடினான்.

"அரே! பஹாட் கா ஆலூ!" மலைக்கிழங்காம்.

ஓடிப்போய்க் கடுகெண்ணெயும் பச்சைமிளகாயும் வெங்காயமும் கொண்டுவந்து, நாலைந்து கிழங்கைக் கையாலேயே பிசைந்தான். "சோக்கா, அக்கா, சோக்கா! சாப்பிடு!" என்று அவர்கள் ஊர்க் கிழங்கு மசியலை எல்லாருக்கும் நீட்டினான். அன்னமேரி அக்கா ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "எண்ணெ வாடை அடிக்கி. ஆனா நல்லாத்தாம்ல இருக்கு" என்றாள். அதுவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசாத சனம், தெருவில் நின்றபடி ஒரே பாத்திரத்தில் தின்றது. சஞ்சயின் ஆட்களுக்குச் சின்னக் கிழங்குதான் வேண்டுமாம். முழுசாகப் போட்டுக் குழம்பு வைக்க அதுதான் சரியாம். மண்டியில் காலால் ஒதுக்குகிற கிழங்கை அவர்கள் மூட்டையாகத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். வெயில் ஏறுவதற்குள் வண்டியில் சாக்கு மட்டும்தான் மிச்சம்.

நீ அந்தச் சாக்கை எடுத்துத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு ஆடினாய். ஆமாம், நடுத்தெருவில் ஆடினாய். என் வீட்டுக்காரர் ஹாரன் அடித்துத் தாளம் போட்டார்.

அடுத்த முறை உன் அம்மாவையும் அழைத்து வந்தாய். அவர் திருப்பூரைப் பார்த்ததே அன்றுதான். வண்டியின் பக்கத்தில் முக்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். ஒரு பெண் வந்து அவரிடமே, "என்ன வெலைங்கம்மா?" என்று கேட்டாள். உன் அம்மா திடுக்கிட்டு உன்னைப் பார்த்தார்.

"நீயே சொல்லும்மா" என்றாய்.

"நானா?"

"நீதான வெளைய வெச்ச?"

அவர் புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டார். மண்டியில் எத்தனையோ வருஷம் நின்றிருக்கிறார். ஒருமுறைகூட யாரும் அவரிடம் விலை கேட்டதில்லை. அங்கே அவர்கள் சொல்கிற விலையைக் கேட்டுக்கொண்டுதான் அவருக்குப் பழக்கம். அப்புறம், "பதினஞ்சு ரூவா தாயி" என்றார். அந்தப் பெண் பேரம் பேசாமல் பணத்தை அவர் கையில் வைத்துவிட்டுப் போனாள். உன் அம்மா அந்த நோட்டைப் பார்க்கவில்லை. போகிற அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்து நின்றார். அன்று முழுக்க உட்காரவே இல்லை. சாயங்காலம் அவர் குரல் உன் குரலை மிஞ்சிவிட்டது!

செய்தி மேட்டுப்பாளையத்துக்குப் போகாமல் இருக்குமா? அடுத்த பருவத்துக்கு மண்டிக்காரர் விதை தர மாட்டேன் என்றுவிட்டார். "திருப்பூருக்கே போய் விதை வாங்கிக்கங்க" என்றாராம். பேசின கிழங்கை அவரிடம் முறையாக இறக்கியிருந்தும் அந்தப் பேச்சு. நீ என்னிடம் வந்து சொன்னபோது உன் கண் கலங்கியிருந்தது. விதை இல்லாவிட்டால் நடவு இல்லை. நடவு இல்லாவிட்டால் காடு இல்லை.

என்ன செய்வதென்று டீ நேரத்தில் எல்லாரும் கூடிப் பேசினோம். அன்னமேரி அக்காதான் சொன்னாள்: "எங்க வீட்டுக் கெழங்குக்கு இப்பவே பைசா தந்துருதேன். நீ வெதைய வாங்கு. வெளஞ்சதும் கொண்டா." சஞ்சய் என்ன புரிந்துகொண்டானோ, "அட்வான்ஸ்? ஓகே அக்கா!" என்று கை தூக்கினான். தையல் லைன் முழுக்கச் சேர்ந்துகொண்டது. அதற்குப் பிறகு கம்பெனியே உன்னைக் கேலி செய்யத் தொடங்கியது. கட்டிங் மாஸ்டர் தினமும், "ஏனுங்க, நம்ம ஆர்டர் எப்ப ஷிப்மென்ட்? லேட்டானா ஏர்ல அனுப்புவீங்களா?" என்பார். "டெலிவரி டேட் தப்பாதுங்க சார், குவாலிட்டிக்கு நான் கேரண்டி" என்று நீ மிஷினை நிறுத்தாமல் பதில் சொல்வாய்.

அந்தப் பணத்தை ரொக்கமாகக் கொடுத்து நீ வேறு மண்டியில் விதை வாங்கினாய். நடவு நடந்தது. தேதி தப்பாமல் கிழங்கு வந்தது. இம்முறை ஸ்மால் முதல் எக்ஸெல் வரை எல்லாமே திருப்பூருக்குத்தான். பக்கத்துச் சரிவில் இருந்த இன்னும் சில குடும்பங்களும் உங்களோடு சேர்ந்தன. பக்கத்து ஊரான நெருப்பெரிச்சலிலிருந்து மெஸ் நடத்துகிறவர்கள் தேடி வந்தார்கள். எல்லா வருஷமும் அப்படியே போனது என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு வருஷம் கருகல் நோயில் பாதி போனது. ஒரு வருஷம் காட்டெருமை மிதித்துப் போட்டது. வெளியூர்க் கிழங்கு மலிவாக வந்து குவிந்த நாட்களில் நாம் கூவிக் கூவித் தொண்டை கட்டியதும் உண்டு. ஆனால் ஒரு பருவம்கூட அந்தக் காடு சும்மா கிடக்கவில்லை.

பிறகு ஒருநாள் நீ கம்பெனியில் கணக்கு முடித்துக்கொண்டு மலைக்கே போய்விட்டாய். பஸ்ஸில் ஏறும்போது, "அழாதீங்கக்கா. நான் ஊருக்குப் போகல, வேலைக்குப் போறேன்" என்றாய். அப்புறமும் பருவம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் குட்டி யானையில் கிழங்கோடு வந்து இறங்குவாய். மூன்று தெரு தாண்டியே உன் சத்தம் கேட்கும்.

உன் சாவைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை, உனக்கும் பிடிக்காது. காட்டில் வேலையாக இருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். ஆட்கள் தோளில் சுமந்து ரோட்டுக்குக் கொண்டு வந்து, ஜீப் பிடித்து, ஆஸ்பத்திரி வாசலை எட்டும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. நாங்கள் வந்தோம். அன்னமேரி அக்கா உன் காலைப் பிடித்துக்கொண்டு எழவே இல்லை. சஞ்சய் அதற்குள் ஊருக்குத் திரும்பியிருந்தான். போனில் செய்தி கேட்டு அழுதான். உன் அம்மா கிழங்கை அவித்து, வந்த எங்கள் எல்லாருக்கும் கொடுத்தார். "இத்தன தூரம் வந்திருக்கீங்க, பசியோட போகக் கூடாது" என்றார். யாரும் மறுக்கவில்லை.

அந்தக் காடு என்ன ஆகுமோ என்று நான் பயந்துபோனேன். மறு பருவம் நடவுக்கு நானே கிளம்பிப் போனேன். அதற்கடுத்த பருவமும் போனேன். இப்போது அதுவே வழக்கமாகிவிட்டது. கோடை மழை விழுந்தால் எனக்கு இங்கே இருப்புக் கொள்ளாது. என் வீட்டுக்காரருக்கும் அப்படித்தான், "ஏம்புள்ள, மேல மழையாமா" என்று அவரே ஆரம்பிப்பார். பழைய குட்டி யானை போய் இப்போது வேறு வண்டி. லைன் வீடுகளிலிருந்து திருப்பூருக்கு வந்த பிள்ளைகளில் நாலைந்து பேர் லீவு போட்டுவிட்டு எங்களோடு ஏறிக்கொள்கிறார்கள். பாட்டும் கூத்துமாக ஏறுகிறோம்.

இந்த முறை நடவு முடியும் தறுவாயில் உன் அம்மா என்னைக் கூப்பிட்டார். முதுகு வளைந்துவிட்டது, ஆனாலும் முன்னால் அவர்தான் நடந்தார். சரிவின் மேல்விளிம்பில், தேயிலையை ஒட்டி, இன்னும் கிழங்கு வைக்காத உழவுச் சால் ஒன்று இருந்தது.

"இது அவ போடற சாலு. அவ போனதுக்கப்புறம் நான்தான் போட்டேன். இனிமே குனிய முடியல. நீங்க போடுங்க தாயி."

மடியில் விதைக்கிழங்கை வாங்கிக் கட்டிக்கொண்டு குனிந்தேன். ஒவ்வொன்றாக வைத்தேன்.

"முளைக்கண்ணு மேல பாத்து இருக்கட்டும்" என்றார் பின்னாலிருந்து. ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து, முளைக்கண் வானத்தைப் பார்க்கும்படி வைத்து மண்ணை மூடினேன். சால் முடிகிற இடத்தில் நிமிர்ந்தபோது பனி விலகி, கீழே சமவெளி முழுக்க வெயிலில் தெரிந்தது. அதற்குள் எங்கேயோ திருப்பூர். அங்கே எத்தனையோ பேர் அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்ததும் எனக்கு மறுபடியும் உடம்பு சிலிர்த்தது. அந்தச் சால் இனி என்னுடைய வேலை. என் உடம்பில் குனியத் தெம்பு இருக்கும்வரை அது வெறுமனே கிடக்காது.

நேற்றுச் சாயங்காலம் உன் அம்மாவிடமிருந்து போன். இரைந்து கத்தினார், காதை விட்டுப் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

"தாயி! காடு பூரா இன்னும் மண்ணாத்தான் கெடக்கு. அவ சாலு மட்டும் மொளச்சிருச்சு!"